சோப்புக்குள் மறையும் காரம்

174 கிராம் காஸ்டிக் சோடாவை 350 கிராம் தண்ணீரில் தூவிக் கிளறினால், அடுப்பே இல்லாமல் அந்தத் தண்ணீர் சில நிமிடங்களில் 80, 90 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிடும். முதலில் வெள்ளையாகக் கலங்கும். மூக்கையும் தொண்டையையும் குத்தும் ஆவி எழும். பாத்திரத்தின் வெளிப்புறத்தைக்கூடத் தொட முடியாது. பத்து நிமிடம் போனால் ஆவி அடங்கி, கலங்கல் தெளிந்துவிடும். அதற்குப் பிறகு பார்ப்பவர் கண்ணுக்கு அது வெறும் தண்ணீர். நிறமில்லை, வாசனையில்லை, அபாயத்தைக் காட்டிக்கொடுக்கும் எந்த அடையாளமும் இல்லை. 1 கிலோ தேங்காயெண்ணெயைச் சோப்பாக்க ஏறக்குறைய இந்த அளவு கரைசல் போதும்.

வெப்பம் எங்கிருந்து வருகிறது? காஸ்டிக் சோடா என்பது சோடியம் ஹைட்ராக்சைடு. அதன் படிகத்துக்குள் சோடியம் அயனியும் ஹைட்ராக்சைடு அயனியும் நெருங்கிக் கட்டுண்டு கிடக்கின்றன. தண்ணீரில் விழுந்ததும் நீர் மூலக்கூறுகள் பாய்ந்து வந்து ஒவ்வோர் அயனியையும் சூழ்ந்துகொள்கின்றன. படிகத்தைப் பிரிக்கச் செலவாகும் ஆற்றலைவிட, அப்படிச் சூழ்ந்துகொள்வதால் வெளிப்படும் ஆற்றல் அதிகம். மிச்சம்தான் சூடு. 1 கிராமுக்குச் சுமார் 1 கிலோஜூல். இதனால்தான் தண்ணீரில் காஸ்டிக் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். காஸ்டிக் சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது. அப்படி ஊற்றினால் முதலில் விழும் அரைக் கரண்டித் தண்ணீர் மொத்தச் சூட்டையும் வாங்கி அந்த இடத்திலேயே கொதித்து, காரத்தையும் அள்ளிக்கொண்டு முகத்துக்குத் தெறிக்கும்.

இந்தக் கரைசலை எண்ணெயில் சேர்த்துக் கிளறிய பிறகு நடப்பது இன்னும் பெரிய விந்தை. தோலை அரிக்கும், அலுமினியத்தைத் தின்னும், கண்ணைப் பறிக்கும் ஒரு பொருள், ஒன்றிரண்டு நாளுக்குள் முழுவதுமாகச் செலவழிந்து, பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டும் பொருளாகிவிடுகிறது. காரம் சேர்க்காமல் சோப்பு செய்ய வழியே கிடையாது. சரியான அளவில் செய்து முடித்த சோப்பிலோ அந்தக் காரம் மிஞ்சியிருக்காது. இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவே அந்த ஒன்றிரண்டு நாள் கிடக்கிறது. வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் காக்க வேண்டியது அந்த நாள்களையும், டப்பாவில் மிஞ்சிய தூளையும்தான். சோப்பு செய்வதையே கண்டு பயப்படத் தேவையில்லை. பயப்பட வேண்டிய இடம் எது, எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்று துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு வேதியியலைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்பதே நல்ல வழி.

கொழுப்பும் காரமும் சேர்ந்தால் சோப்பு வரும் என்பதை மனிதர்கள் பன்னெடுங்காலமாக அறிந்திருந்தார்கள். ஏன் வருகிறது என்பதைக் கண்டுபிடித்தவர் பிரான்சின் வேதியியலாளர் மிஷேல் யூஜீன் ஷெவ்ருல். விலங்குக் கொழுப்புகளைப் பற்றிய அவருடைய நூல் 1823இல் வெளிவந்தது. சோப்பை அமிலத்தால் பிரித்து, அதிலிருந்து கொழுப்பமிலங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். கொழுப்பு என்பது ஒற்றைப் பொருள் இல்லை, கொழுப்பமிலங்களும் கிளிசரினும் இணைந்த சேர்மம் என்று நிறுவினார். 102 வயதுவரை வாழ்ந்து 1889இல் மறைந்தார். ஈஃபில் கோபுரத்தில் பொறிக்கப்பட்ட 72 பெயர்களில் அவர் பெயரும் ஒன்று.

எண்ணெய் மூலக்கூறைத் திரிசூலம் மாதிரி எண்ணிக்கொள்ளலாம். பிடி கிளிசரின், மூன்று நீண்ட முனைகளும் கொழுப்பமிலங்கள். ஹைட்ராக்சைடு அயனி பிடியும் முனையும் சேரும் மூட்டில் தாக்கி, முனையைக் கழற்றிவிடுகிறது. கழன்ற முனையோடு சோடியம் சேர்ந்தால் அது சோப்பு. தனித்து நிற்கும் பிடி கிளிசரினாகச் சோப்புக்குள்ளேயே தங்கி, தோலுக்கு மென்மை தருகிறது. ஒரு சூலத்தைப் பிரிக்க மூன்று ஹைட்ராக்சைடு வேண்டும். பிரித்த ஹைட்ராக்சைடு திரும்பி வருவதில்லை. அந்த வேலையிலேயே அதன் கதை முடிந்துவிடுகிறது. எனவே சோப்பில் காரம் மிஞ்சுமா மிஞ்சாதா என்பது கைப்பக்குவம் சம்பந்தப்பட்டதே அல்ல. எத்தனை சூலம், எத்தனை ஹைட்ராக்சைடு என்ற எண்ணிக்கையைப் பொறுத்தது.

அந்த எண்ணிக்கை எண்ணெய்க்கு எண்ணெய் மாறும். தேங்காயெண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். 12 கார்பன் மட்டுமே உள்ள குட்டையான முனை. முனை குட்டை என்றால் மூலக்கூறின் எடை குறைவு. 1 கிலோவில் மூலக்கூறுகள் அதிகம். காரமும் அதிகம் பிடிக்கும். 1 கிலோ தேங்காயெண்ணெய் முழுவதும் சோப்பாகச் சுமார் 183 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு வேண்டும். நல்லெண்ணெய்க்குச் சுமார் 135 கிராம் போதும். தேங்காயெண்ணெய்க்கு எழுதிவைத்த கணக்கை அப்படியே நல்லெண்ணெய்க்குப் போட்டால் கிட்டத்தட்ட 48 கிராம் காரம் வேலையில்லாமல் கட்டிக்குள் தங்கிவிடும். அது சோப்பே அல்ல. குழந்தையின் தோலில் தேய்க்கக் கூடாத பொருள்.

இன்னொரு பிழை நம் வீடுகளில் எளிதாக நடக்கும். செக்கெண்ணெயை லிட்டரில் வாங்குகிறோம், கணக்கோ கிலோவில் இருக்கிறது. 1 லிட்டர் தேங்காயெண்ணெயின் எடை 920 கிராமைத் தாண்டாது. லிட்டரைக் கிலோ என்று எண்ணி 183 கிராம் காரம் போட்டால் சுமார் 15 கிராம் மிஞ்சும். ஆகவே எண்ணெய், தண்ணீர், காரம் மூன்றையும் எடைபோட வேண்டும். கிராம் காட்டும் மின்னணுத் தராசு இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கக் கூடாது என்பதே என் உறுதியான எண்ணம். கப் அளவு, கரண்டி அளவு எதுவும் இங்கே செல்லாது. தேர்ந்தவர்கள் தேவையைவிட 5 சதவீதம் குறைவாகவே காரம் போடுவார்கள். முதல் வரியில் சொன்ன 174 கிராம் அப்படி வந்ததுதான். கொஞ்சம் எண்ணெய் மிஞ்சலாம், காரம் மிஞ்சக் கூடாது.

இனி குழந்தைக்கு வருவோம். நீர்த்த காரம் விரலில் பட்டால் முதலில் எரிவதில்லை. வழுவழுக்கிறது. அந்த வழுவழுப்பு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் மயிர் கூச்செறியும். நம் தோலில் உள்ள கொழுப்பே அங்கே சோப்பாகிக்கொண்டிருக்கிறது. உடலின் ஒவ்வோர் உயிரணுவையும் சுற்றியிருக்கும் சவ்வு பெரும்பாலும் கொழுப்பால் ஆனது. அதிலும் எண்ணெயில் உள்ள அதே வகை மூட்டுகள் உண்டு. ஹைட்ராக்சைடுக்கு அந்த மூட்டு தேங்காயெண்ணெயில் இருக்கிறதா, குழந்தையின் நாக்கில் இருக்கிறதா என்ற வேறுபாடு தெரியாது. கிண்ணத்தில் சோப்பை உண்டாக்கும் அதே வினைதான் திசுவைக் கரைக்கிறது.

அமிலம் பட்ட புண்ணைவிடக் காரம் பட்ட புண் பெரும்பாலும் ஆழமாவதும் இதனால்தான். அமிலம் புரதத்தைத் திரளவைக்கிறது. அந்தத் திரள் ஓரளவுக்குத் தடுப்பாக நின்று, அமிலம் மேலும் உள்ளே போவதை மட்டுப்படுத்துகிறது. காரம் தொட்ட இடமோ குழைந்து இளகிவிடுகிறது. தடுப்பு எதுவும் எழுவதில்லை. வலி குறைந்ததுபோல் தோன்றும் நேரத்திலும் அது உள்ளே இறங்கிக்கொண்டிருக்கலாம். கண்ணில் பட்டால் கருவிழியைக் கடந்து உள்ளறைக்குச் செல்லச் சில நிமிடங்களே தேவை.

விழுங்கினால் என்ன ஆகும் என்பதில் தூளுக்கும் கரைசலுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. தூளையோ செதிளையோ வாயில் போட்ட குழந்தைக்கு உதட்டிலும் நாக்கிலும் உடனே சுடும். துப்பிவிட வாய்ப்புண்டு. தெளிந்த கரைசல் அப்படியல்ல. தாகத்தோடு டம்ளரைத் தூக்கி ஒரு மடக்கு குடித்துவிட்டால், வலி தெரியும் முன்பே அது உணவுக்குழாயில் இறங்கியிருக்கும். வாயில் புண்ணே இல்லாமல் உள்ளே மட்டும் வெந்திருக்கவும் கூடும். உயிர் பிழைத்தாலும், ஆறும்போது சில வாரங்களில் தழும்பு இறுகி, உணவுக்குழாய் சுருங்கத் தொடங்கும். முதலில் இட்லி இறங்காது. பிறகு கஞ்சி. பிறகு தண்ணீர். குழாயை விரிக்கும் சிகிச்சை பல ஆண்டுகள் தொடரலாம்.

இதைத் தன் வாழ்நாள் வேலையாகப் பார்த்தவர் அமெரிக்க மருத்துவர் செவாலியர் ஜாக்சன் (1865–1958). தொண்டை, மூச்சுக்குழாய், உணவுக்குழாய் ஆகியவற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கருவிகளைச் செம்மைப்படுத்திய முன்னோடி. குழந்தைகள் விழுங்கிய ஊக்கு, பொத்தான், நாணயம் என்று அவர் வெளியே எடுத்த பொருட்கள் 2,000க்கும் மேல். பிலடெல்பியாவின் மியூட்டர் அருங்காட்சியகத்தில் இன்றும் அவை இழுப்பறைகளில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் அவரை அதிகம் அலைக்கழித்தது விழுங்கிய பொருளைவிட விழுங்கிய காரம். அவர் காலத்தில் அமெரிக்க வீடுகளில் காஸ்டிக் சோடா டப்பா சாதாரணம். சோப்பு காய்ச்சவும் சாக்கடை அடைப்பை எடுக்கவும் அதை மளிகைக் கடையிலேயே வாங்கினார்கள். வெண்மையான அந்தத் தூளைச் சர்க்கரை என்று எண்ணிக் குழந்தைகள் வாயில் போட்டார்கள்.

தன் சுயசரிதையில் அவர் ஒரு சிறுமியைப் பற்றி எழுதியிருக்கிறார். காரம் குடித்ததால் உணவுக்குழாய் சுருங்கி, ஒரு வாரமாகத் தண்ணீர்கூட இறங்காத நிலையில் அவளைக் கொண்டுவந்தார்கள். குழாய் வழியாகப் பார்த்து, அடைத்துக் கிடந்த பொருளை அவர் எடுத்தார். தண்ணீர் கொடுத்தபோது, வழக்கம்போல் திரும்பி வந்துவிடும் என்று எண்ணி அவள் ஒரு சிறு வாய் மட்டும் குடித்தாள். இறங்கியது. இன்னொரு வாய். அதுவும் இறங்கியது. அவள் அவருடைய கையைப் பிடித்து முத்தமிட்டாளாம்.

ஜாக்சன் கருவியோடு நிற்கவில்லை. டப்பாவின் மேல் எச்சரிக்கை வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் வாதாடினார். உற்பத்தியாளர்கள் எதிர்த்தார்கள். 1927 மார்ச்சில் அமெரிக்க அதிபர் கூலிட்ஜ் கையெழுத்திட்ட சட்டத்தால், காஸ்டிக் சோடாவும் அதுபோன்ற அரிக்கும் பொருட்களும் வீட்டு உபயோகத்துக்கு விற்கப்பட்டால், ‘நஞ்சு’ என்ற சொல்லும் விழுங்கிவிட்டால் செய்ய வேண்டியதும் பெட்டியின் மேல் அச்சிடப்பட வேண்டும் என்றானது.

எச்சரிக்கையைப் பெரியவர் படிப்பார். இரண்டு வயதுக் குழந்தை படிக்காதே? அடுத்த நாற்பது ஆண்டுகள் அந்தக் கேள்விக்கு விடை தேடுவதில் போயின. கனடாவின் வின்ட்சர் நகரக் குழந்தை மருத்துவர் ஹென்றி பிரோ, நஞ்சு விழுங்கிய குழந்தைகளுக்குச் சிகிச்சை செய்து செய்து மனம் நொந்து, அழுத்தித் திருகினால் மட்டும் திறக்கும் மூடியை 1967இல் கொண்டுவரச் செய்தார். 1970இல் அமெரிக்கா அத்தகைய மூடிகளைச் சட்டமாக்கியது. 10 சதவீதத்துக்கு மேல் சோடியம் ஹைட்ராக்சைடு உள்ள வீட்டுத் தூள்களும் அந்தப் பட்டியலில் அடக்கம்.

அந்த மூடிகளைச் சோதிக்கும் முறை தெரிந்துகொள்ளத் தக்கது. மூன்றரை முதல் நான்கே கால் வயது வரையான குழந்தைகளிடம் மூடிய டப்பாவைக் கொடுத்து, ஐந்து நிமிடத்தில் திறக்கச் சொல்வார்கள். முடியாவிட்டால் எப்படித் திறப்பது என்று ஒருவர் செய்து காட்டுவார். பல்லையும் பயன்படுத்தலாம் என்று சொல்லி, இன்னும் ஐந்து நிமிடம் கொடுப்பார்கள். மொத்தப் பத்து நிமிடத்தில் 80 சதவீதக் குழந்தைகளால் திறக்க முடியாவிட்டால் மூடி தேர்ச்சி பெற்றதாகும். அதாவது ஐந்தில் ஒரு குழந்தை திறந்துவிட்டாலும் தேர்ச்சிதான். உலகில் கிடைப்பவற்றிலேயே நல்ல மூடியும் குழந்தையைச் சில நிமிடம் தாமதப்படுத்தும் கருவி மட்டுமே. அந்தச் சில நிமிடத்துக்குள் பெரியவர் வந்துவிட வேண்டும்.

நம் ஊரில் பல நேரம் அந்த மூடியும் கிடைப்பதில்லை. கெமிக்கல் கடையில் காஸ்டிக் சோடா கேட்டால் பெரும்பாலும் பாலிதீன் பையில் நிறுத்துக் கட்டித் தருவார்கள். இத்தனைக்கும் தூத்துக்குடி உப்பின் ஊரிலேயே இது பிறக்கிறது. உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சினால் குளோரின், ஹைட்ரஜன், காஸ்டிக் சோடா மூன்றும் பிரியும். அப்படிப் பிரித்தெடுக்கும் பெரிய ஆலை தூத்துக்குடி மாவட்டத்துச் சாகுபுரத்தில் இருக்கிறது. ரசத்தில் போடும் உப்பே மின்சாரத்தால் இந்த உருவம் எடுக்கிறது என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. பையில் வாங்கி வந்ததைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவுக்கு உடனே மாற்றி, பெரிய எழுத்தில் பெயரும் மண்டையோட்டுக் குறியும் எழுதி ஒட்ட வேண்டும். ஹார்லிக்ஸ் பாட்டில், ஊறுகாய் ஜாடி, தண்ணீர் பாட்டில், குளிர்பான பாட்டில் எதுவும் ஆகாது. சாப்பிடும் பொருள் இருந்த பாத்திரத்தைக் குழந்தை சாப்பிடும் பொருளாகவே நினைவில் வைத்திருக்கும். சமையலறையில் ஆப்பச் சோடாவும் சலவைச் சோடாவும் இதே வெண்மையில் இருப்பதால், காஸ்டிக் சோடா அந்த அலமாரிக்குள்ளேயே நுழையக் கூடாது. இன்னும் நல்லது, சேர்த்து வைக்காமல் ஒரு முறைக்குத் தேவையானதை மட்டும் வாங்கி, அன்றே தீர்த்துவிடுவது. ஐந்து வயதுக்குக் கீழ் குழந்தை உள்ள வீட்டில் காஸ்டிக் சோடா இருப்பு வைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

காரத்தால் குழந்தைகள் கண்ணை இழப்பது நமக்குப் புதிதும் அல்ல. வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு பிளாஸ்டிக் பாக்கெட்டில் வரத் தொடங்கிய பிறகு, அதை அமுக்கி விளையாடும் குழந்தைகளின் கண்ணில் அது பீய்ச்சி அடிப்பதை இந்தியக் கண் மருத்துவர்கள் தொடர்ந்து எழுதிவருகிறார்கள். சுண்ணாம்பு கால்சியம் ஹைட்ராக்சைடு. காஸ்டிக் சோடாவைவிடக் குறைவாகக் கரைந்தாலும், குழைவாக இமைக்குள் ஒட்டிக்கொண்டு நெடுநேரம் காரத்தைக் கசியவிடும். தாத்தா பாட்டியின் வெற்றிலைப் பெட்டி உள்ள வீட்டிலும் இதே கவனம் வேண்டும்.

சோப்பு செய்யும் நாளைப் பற்றிப் பேசலாம். குழந்தை தூங்கும் நேரத்தில் செய்துவிடலாம் என்ற கணக்கை நம்பாதீர்கள். தூங்கும் குழந்தை சரியாக நாம் கையுறையோடு நிற்கும்போது எழுந்து வந்து காலைக் கட்டிக்கொள்ளும். இன்னொரு பெரியவர் குழந்தையை வெளியே அழைத்துச் செல்லும் நாளாகப் பார்த்துச் செய்வதே சரி. அது முடியாவிட்டால் உள்தாழ்ப்பாள் உள்ள, ஜன்னல் திறந்த அறை வேண்டும். எண்ணெயை எடைபோட்டு, அச்சை எடுத்து வைத்து, எல்லாம் தயாரான பிறகு கடைசியாகத்தான் காஸ்டிக் சோடா டப்பா திறக்கப்பட வேண்டும். தேவையானதை எடுத்ததும் அதை மூடி, பூட்டி வைத்துவிட்டு வந்து பிறகு கலக்க வேண்டும். அழைப்பு மணி அடித்தால் அடிக்கட்டும். கைபேசி வேறு அறையில் இருக்கட்டும்.

பக்கவாட்டும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி, முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, மூடிய செருப்பு. படிக்கும் கண்ணாடி இதற்குப் போதாது. பாத்திரம் எவர்சில்வராகவோ தடித்த பாலிபுரொபிலீன் ஜாடியாகவோ இருக்கலாம். அலுமினியம் அறவே கூடாது. காரம் அதைக் கரைத்து, தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். கண்ணாடிப் பாத்திரத்தையும் காரம் மெல்ல அரிப்பதால் ஒரு நாள் சூட்டில் விரிசல்விடும். எவர்சில்வர் ஆகும் என்றாலும் டம்ளரும் சொம்பும் ஆகாது. குழந்தை தண்ணீர் குடித்துப் பழகிய எந்த வடிவமும் காரக்கரைசலைத் தொடக் கூடாது. பிடியுள்ள, மூடி உள்ள தனி ஜாடி ஒன்றை இதற்கென்றே வைத்து, வேலை முடிந்ததும் அதையும் பூட்டிவைக்க வேண்டும்.

மிகவும் அபாயமான நேரம் கலக்கும் நேரம் என்று தோன்றும். அப்போதாவது நாம் பக்கத்தில் நிற்கிறோம், பயத்தோடும் நிற்கிறோம். உண்மையில் அபாயமானது அதற்குப் பின் வரும் ஒரு மணி நேரம். கரைசல் ஆறட்டும் என்று ஓரமாக வைத்துவிட்டு எண்ணெயை உருக்கப் போகிறோம். ஆவி அடங்கித் தெளிந்து, தண்ணீர்போலவே அது மேடையில் காத்திருக்கிறது. அந்த ஒரு மணி நேரத்தைச் சுருக்க எளிய வழி உண்டு: தண்ணீரின் பெரும்பகுதியை முந்தின நாளே ஐஸாக உறையவைத்து, அதில் காஸ்டிக் சோடாவைச் சிறுகச் சிறுகச் சேர்ப்பது. எழும் சூட்டை ஐஸ் உருகுவதிலேயே செலவழித்துவிடும். ஆவியும் குறையும், ஆறக் காத்திருக்கும் நேரமும் குறையும். தூள் முழுவதும் கரைந்ததா என்று மட்டும் நன்றாகக் கிளறிப் பார்க்க வேண்டும்.

சிந்திய செதிளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காஸ்டிக் சோடா காற்றில் உள்ள ஈரத்தைத் தானே இழுத்துக்கொண்டு, அந்த ஈரத்திலேயே கரைந்துவிடும் இயல்புடையது. சென்னையைப் போன்ற கடலோர ஊரில் தரையில் விழுந்த ஒரு வெள்ளைச் செதிள் சிறிது நேரத்தில் காணாமற்போய், அந்த இடத்தில் தெளிந்த ஒரு துளி நிற்கும். யாரோ தண்ணீர் சிந்தியிருக்கிறார்கள் என்று நினைப்போம். தவழும் குழந்தை உள்ளங்கையை ஊன்றும் உயரத்தில் இருக்கிறது அந்தத் துளி. நாள்கள் போனால் காற்றின் கார்பன் டைஆக்சைடைச் சேர்த்துக்கொண்டு அது சலவைச் சோடாவாக மாறி வீரியம் குறையும். அதுவரை அது காரம்தான். எனவே தரையில் பழைய செய்தித்தாள் விரித்து வேலை செய்து, முடிந்ததும் அதை மடித்து அப்புறப்படுத்தி, மேடையையும் தரையையும் கையுறை கழற்றும் முன்பே இரண்டு முறை ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும்.

எண்ணெயும் கரைசலும் சேர்ந்து கெட்டிப்பட்டு அச்சில் ஊற்றிய பிறகும் ஒரு நாள் அது பாதி காரம்தான். வாசனையும் நிறமும் சேர்த்த அந்தக் கூழ், கேசரி, பால்கோவா வரிசையில் குழந்தையின் கண்ணுக்குத் தெரியும். மேல் அலமாரியில், மூடிய அறையில் இருக்கட்டும். கிளறிய பாத்திரத்தையும் கரண்டியையும் உடனே தேய்க்க வேண்டியதில்லை. அவற்றையும் அதே அறையில் ஒரு நாள் பூட்டிவைத்தால், ஒட்டியிருக்கும் கூழ் தானே சோப்பாகிவிடும். மறுநாள் வெந்நீர் ஊற்றினால் நுரைத்துக்கொண்டு கழன்றுவிடும்.

இத்தனைக்குப் பிறகும் பட்டுவிட்டால்? தோலில் தூள் விழுந்தால் முதலில் உலர்ந்த துணியால் தட்டிவிட்டு, ஆடையைக் கழற்றி, குழாய்த் தண்ணீரை 20 நிமிடமாவது ஓடவிட வேண்டும். கண்ணில் பட்டால் இமையைப் பிரித்துப் பிடித்து, குழந்தை எவ்வளவு அழுதாலும், 20, 30 நிமிடம் தண்ணீர் ஊற்றிக் கழுவிய பிறகே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். முதல் நிமிடத்தில் ஊற்றும் தண்ணீர் செய்வதைப் பிறகு வரும் மருந்து எதுவும் செய்யாது. வினிகர், எலுமிச்சைச் சாறு ஊற்றிக் காரத்தை முறிக்கலாம் என்பது புத்தகக் கணக்குக்குச் சரி, உடம்புக்குச் சரியல்ல. அமிலமும் காரமும் சேரும்போது சூடு பிறக்கும். வினிகரைத் தேடும் நேரமும் வீண். விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்கவைக்கவே கூடாது. வெந்த குழாய் வழியாகக் காரம் இரண்டாம் முறை மேலேறும். வாயை நீரால் கழுவித் துடைத்துவிட்டு, பாலோ மோரோ முட்டையோ எதையும் புகட்டாமல், 108ஐ அழைத்து, என்டோஸ்கோப்பி வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வாயில் புண் தெரியவில்லை, குழந்தை சிரிக்கிறது என்று வீட்டிலேயே வைத்துப் பார்க்காதீர்கள். காஸ்டிக் சோடா டப்பாவையோ அதன் லேபிளையோ கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

சோப்பு முழுவதுமாக வினைமுடிய ஒன்றிரண்டு நாள் ஆகும். அதற்குப் பின் நான்கு முதல் ஆறு வாரம் காயவைப்பது பெரும்பாலும் ஈரம் போய்க் கட்டி இறுகத்தான். காரம் மிஞ்சியதா என்று பார்க்கச் சிலர் கட்டியை நாக்கு நுனியில் தொட்டுப் பார்ப்பார்கள். காரம் இருந்தால் சுரீரென்று இழுக்கும். குழந்தைகள் உள்ள வீட்டில் இந்தப் பழக்கத்தைக் கைவிடுங்கள். நாம் நாக்கில் வைத்ததை அவர்களும் வைப்பார்கள், ஆனால் எப்போது வைக்கலாம் என்ற கணக்கு அவர்களுக்குத் தெரியாது. பினால்ஃப்தலீன் துளியைக் கட்டியின் வெட்டுமுகத்தில் விட்டால் அடர்ந்த இளஞ்சிவப்பு எழுகிறதா என்று பார்ப்பது மேல்.

சோப்பு செய்வதில் பங்கெடுக்க ஆசைப்படும் பிள்ளைகளைத் துரத்த வேண்டியதில்லை. காரம் கலக்கும் அறை மட்டும் அவர்களுக்கு இல்லை. முற்றிய கட்டிகளைச் சீவி ஒழுங்காக்குவது, தாளில் சுற்றுவது, பெயர் எழுதி ஒட்டுவது எல்லாம் அவர்கள் வேலை. உருக்கி அச்சில் வார்க்கும் சோப்பு பேஸ் கடைகளில் கிடைக்கிறது. அதில் காரத்தின் வேலை ஆலையிலேயே முடிந்துவிட்டது. சூடான பேஸை ஊற்றுவது பெரியவராக இருந்தால், நிறமும் மணமும் அச்சும் தேர்ந்தெடுப்பதைப் பிள்ளைகளிடம் விடலாம்.

வேதியியலையும் காட்டலாம். சோப்பைத் தண்ணீரில் கரைத்து, ஒரு சிட்டிகை மஞ்சள்பொடி போட்டால் மஞ்சள் சிவப்பாகும். மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தில் நிறம் மாறுவதே காரணம். மஞ்சளையும் சுண்ணாம்பையும் சேர்த்துக் குங்குமமும் ஆரத்தியும் செய்வது இதனால்தான். நன்றாக முற்றிய சோப்பும் தண்ணீரில் கரையும்போது பி.எச். 9, 10 அளவுக்கு மெல்லிய காரத்தன்மை காட்டும். எனவே இந்தச் சிவப்பை வைத்து நல்ல சோப்பு, காரம் மிஞ்சிய சோப்பு என்று பிரித்தறிய முடியாது. எலுமிச்சைச் சாறு சில துளி பிழிந்தால் மறுபடி மஞ்சளாகும். நாலைந்து வயதுப் பிள்ளையும் நம்மோடு உட்கார்ந்து செய்யலாம். காஸ்டிக் சோடா தேவையில்லை, குளியலறையில் இருக்கும் சோப்பே போதும்.